எங்கள் பக்கம் நரி அதிகம்

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் கணவர் கிரெய்க் இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறார். வடக்கே இரும்புச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, பிறகு ஒரு வாரம் வீடு என்று இருப்பவர் அவர். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் எனக்கு இந்த உபதேசம் கிடைக்கும். அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை சாயங்காலம் நெரலிங் ஊர் மண்டபத்தில் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருப்பார். அவர் சுரங்கத்தில் இருந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மாநிலத் தலைநகர் பெர்த்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கால் பூட்ஸ் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி இருந்தது. புதுத் துப்பாக்கிச் சட்டத்தைத் திரையில் படம் போட்டு விளக்கினார். விவசாயிக்குப் பத்து, பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களுக்கு ஐந்து, அதற்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சத்தை அரசே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும், போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"பத்துங்கற கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "உங்க கைவிரலை எண்ணிப் பார்த்தீங்களா?"

மண்டபம் சிரித்தது. சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நரிக்கு ஒன்று, கங்காருவுக்கு ஒன்று, கால் ஒடிந்த மாட்டுக்கு ஒன்று, கோதுமையைத் தின்கிற கிளிக் கூட்டத்துக்கு ஒன்று என்று பட்டியல் போட்டேன். என்னிடம் பதினொன்று இருந்தது, பதினொன்றுக்கும் வேலை இருந்தது. பதினோராவது துப்பாக்கி வந்ததும் நான் கொலைகாரியாகிவிடுவேனா என்று கேட்டேன். துப்பாக்கிச் சங்கத் தலைவர் ராஸ் பாவ்லிச் நாற்காலியைத் தட்டினார். அவர் மேஜை நாற்காலி எது கிடைத்தாலும் தட்டுகிற ஆள்.

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் வெரிட்டி கை தூக்கினாள். "ரேலீன், நான் இங்க பதினெட்டு வருஷமா இருக்கேன். துப்பாக்கியால அடிபட்டு என்கிட்ட வந்தவங்கள்ல ஒருத்தரைக்கூட இன்னொருத்தர் சுடல. நான் சொல்றது இங்க எல்லாருக்கும் புரியும்."

புரிந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் புரிந்தது; புரிந்ததால்தான் கோபம் வந்தது. எங்களுக்குத் தெரியாததையா இவள் சொல்கிறாள் என்ற கோபம். அந்தக் கோபத்தில் சொன்னேன்:

"எங்களைப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும், வெரிட்டி. இந்த ஊர்ல ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தப் பெட்டியில இருக்கணுமோ அந்தப் பெட்டியிலதான் இருக்கு. சந்தேகம்னா வீடு வீடா வந்து எண்ணிக்குங்க. என் ரோட்டுலேர்ந்தே ஆரம்பிங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. நான் பெருமையாகத் திரும்பினேன். டீ மேஜைக்குப் பின்னால் ஜானெல் ஸ்கோபி நின்றிருந்தாள். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேஜைவிரிப்பில் டீ ஓடிக்கொண்டிருந்தது. அவள் டீப் பாத்திரத்தின் குழாயை மூடவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டு இரும்புப் பெட்டியில் என் பதினொன்று மட்டும் இல்லை. ஜானெலின் புருஷனுடைய மூன்றும் இருந்தன.

கதவோரம் நின்றிருந்த போலீஸ் சார்ஜென்ட் டானிகா ப்ரவுஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நன்றி, ரேலீன். இப்படி அழைப்பு எனக்கு எந்த ஊர்லயும் கிடைச்சதில்ல. வியாழக்கிழமை காலையில உங்க ரோட்டுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்."

அந்தப் பெண் எங்கள் ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பழக்கம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் பழக்கம் இதுதான். மழை பொய்த்த வருஷம், அல்லது பூக்கிற நேரத்தில் பனி விழுந்து கோதுமை கருகின வருஷம், ஒருத்தர் மெல்லப் பேச்சைக் குறைப்பார். சந்தைக்கு வரமாட்டார். கால்பந்து ஆட்டத்துக்கு வந்தால் வண்டியை விட்டு இறங்கமாட்டார். அப்போது பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருநாள் அவர் வாசலில் போய் நின்று, "எங்க பக்கம் நரி ஜாஸ்தியா இருக்கு, உன் துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாளைக்குக் குடேன்" என்று கேட்பார். ஒரு நரிக்கு மூன்று துப்பாக்கி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னவரும் கிடையாது. கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். எடுத்துக்கொண்டு வந்து தன் பெட்டியில் பூட்டிவிடுவார். "நரி போச்சா?" என்று கொடுத்தவர் வந்து கேட்கிற அன்றைக்குத்தான் திருப்பித் தர வேண்டும். ஒருவருடைய துப்பாக்கி இன்னொருவர் பெட்டியில் இருப்பது சட்டப்படி குற்றம். அதற்காக யாரும் இதுவரை இதை நிறுத்தியதில்லை.

ஜானெலின் புருஷன் நெவில் ஸ்கோபி எங்கள் ரோட்டிலேயே அடுத்த பண்ணை; என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வறட்சியில் அவன் கிணறு வற்றி, தீவனம் தீர்ந்து, நிற்கவே திராணியில்லாத நூற்றுப்பத்து ஆடுகளைத் தானே குழி வெட்டித் தானே சுட்டான். உதவிக்கு வருகிறேன் என்றதற்கு, என் ஆடு, நானே பார்த்துக்கறேன் என்றுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்று ஜானெல் சொன்னாள். மறுநாள் காலையிலேயே நான் அவன் வாசலில் நின்றேன். நரி என்று சொன்னேன். அவன் மூன்றையும் எடுத்துவந்து என் வண்டியில் வைத்தான். இரண்டு வருஷமாகியும் நரி போச்சா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜானெல் வந்தாள். கையில் அவளே சுட்ட ஸ்கோன் ரொட்டி டப்பா. எங்கள் ஊரில் சண்டை போட வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

"மைக்கைக் குடுத்தா போதுமே உனக்கு," என்றாள்.

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா? இப்ப என்ன பண்ணப் போற?"

இரண்டு வழிதான் இருந்தது. வியாழக்கிழமை சார்ஜென்ட் என் பெட்டியைத் திறந்தால் பதினான்கு இருக்கும். என் லைசன்ஸ் போகும். கிரெய்க் இல்லாத இரண்டு வாரமும் ஆயிரத்து இருநூறு ஆட்டையும், குட்டி போடுகிற பருவத்தில், நான் விசிலடித்துக் காப்பாற்ற வேண்டியதுதான். ஸ்கோபியின் பெட்டியைத் திறந்தால் காலியாக இருக்கும். அவன் மேலும் வழக்கு. இல்லாவிட்டால் புதன்கிழமையே மூன்றையும் அவன் பெட்டியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

"ஒரு ராத்திரிதான், ஜானெல். வியாழக்கிழமை மத்தியானமே மறுபடி எனக்கு நரி வந்துடும்."

"ஒரு ராத்திரிதான்னு நீ சொல்ற. அந்த ஒரு ராத்திரி அந்த வீட்டுல நான் இருக்கணும்." அவள் ஸ்கோன் ஒன்றை எடுத்து, பிய்த்து, தின்னாமல் வைத்தாள். "இப்பத்தான் ரெண்டு மாசமா ஷெட்ல விசிலடிக்கிறான். நாய்கிட்ட பேசறான். பத்து நாளைக்கு ஒரு தடவை என்கிட்டயும் பேசறான். அதைப் பணயம் வெச்சு சார்ஜென்ட்டுக்குக் கணக்குக் காட்டணுமா?"

வேண்டாம் என்று எனக்கும் தெரிந்தது. எனக்கு என் லைசன்ஸ் முக்கியம், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்கோபி இல்லாத ரோட்டில் அந்த லைசன்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"அவன்கிட்டயே கேட்டுடறேன்," என்றேன்.

ஜானெலின் முகம் வெளுத்தது. "யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்ல, ரே. கேட்டுட்டா அப்புறம் அது நரி விஷயம்னு சொல்லிக்க முடியாது."

"முடியாட்டி போகட்டும். என் வாய் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்துச்சு. அதுவே தீர்க்கட்டும்."

தைரியமாகத்தான் சொன்னேன். அவள் போன பிறகு நாலு ஸ்கோன் தின்றேன்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்கோபி தெற்கு வேலியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். கங்காரு உடைத்த இடம். நான் வண்டியை நிறுத்தி இறங்கி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கையில் வேலை இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் பேச்சு வரும்.

"கேள்விப்பட்டேன்," என்றான் நிமிராமலே. "துப்பாக்கிக்கு உச்சவரம்பு போட்டது சரி, உன் வாய்க்கும் ஒண்ணு போடச் சொல்லணும்."

"ஸ்கோபி, நாளைக்கு டானிகா வர்றா. உன் மூணும் என்கிட்ட இருக்கு. உன் பெட்டிக்குத் திரும்பிக் கொண்டுவரட்டுமா?"

அவன் கம்பியை முறுக்கினான். இன்னொரு முறுக்கு. அதற்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும் என்று நினைத்தபோது நிறுத்தினான்.

"நரி போயிடுச்சா?" என்றான்.

இரண்டு வருஷம் நான் காத்திருந்த கேள்வி. அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். ஆமாம் என்று சொன்னால் மூன்றையும் அவன் கையில் கொடுக்க வேண்டும். கையிலிருந்த கம்பியைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"நரியே வரலடா," என்றேன் கடைசியில். "அந்த வருஷம் எங்க பக்கம் ஒரு நரிகூட வரல. உன்னை நெனச்சுப் பயந்துதான் எடுத்துட்டுப் போனேன்."

"தெரியும்." கையுறையைக் கழற்றினான். "நீ வாசல்ல வந்து நின்னியே, அன்னிக்கு ராத்திரிக்குத்தான் நான் நாள் குறிச்சிருந்தேன். அது உனக்குத் தெரியாது."

வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். தெரியாமல் செய்த ஒரு காரியத்துக்கு இவ்வளவு பயமும் இவ்வளவு சந்தோஷமும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இப்பவும் சில நாள் மனசு ஒரு மாதிரி ஆயிடும்," என்றான். "எழுந்து போய் அந்தப் பெட்டியைத் தெறந்து பார்ப்பேன். காலியா இருக்கும். பூட்டிட்டு வந்து படுத்துடுவேன். தூக்கம் வந்துடும். அது காலியாவே இருக்கட்டும், ரே."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு டானிகா நம்ம வீட்டுக்கு வர வேண்டாம். நாம அவ ஸ்டேஷனுக்குப் போவோம். வாங்கிக்கறாங்கன்னுதானே சொன்னாங்க. நான் நல்லா இருக்கற நாள்லயே குடுத்துடறேன். நல்லா இல்லாத நாள்ல என் முடிவை நான் நம்பறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தான். விசிலடித்தான் என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. கம்பியை இன்னும் இழுத்துப் பிடி என்று திட்டினான்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே ஸ்டேஷனில் ஆறேழு பேர் இருந்தார்கள். கட்டு கட்டாகப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் ராஸ் பாவ்லிச். திங்கட்கிழமை நாற்காலியைத் தட்டியவர் வியாழக்கிழமை வரிசையில் முதலில் நின்றார்.

"என்ன ராஸ், பிணமானாலும் குடுக்கமாட்டேன்னீங்க?" என்றேன்.

"துருப்பிடிச்சதைத்தான் குடுக்கறேன்," என்றார் விறைப்பாக. "கொள்கை வேற, துரு வேற."

ஸ்கோபி யாரையும் பார்க்காமல் என் வண்டியிலிருந்து எடுத்துவந்த மூன்றையும் நேரே மேஜையில் வைத்தான். டானிகா எண்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் தேடினார்.

"மூணும் உங்க பேர்லதான் இருக்கு, நெவில். விவசாயி நீங்க, பத்து வரைக்கும் வெச்சுக்கலாம். மூணுதானே இருக்கு. எதுக்கு எல்லாத்தையும் குடுக்கறீங்க?"

அவன் துப்பாக்கிகளை மேஜையில் வரிசையாக அடுக்க ஆரம்பித்தான். வரிசை முழுக்கக் காது நீட்டியது. நான் முன்னால் போனேன்.

"சார்ஜென்ட், அது அவன் பெட்டியில இல்ல. ரெண்டு வருஷமா என் பெட்டியில இருந்துச்சு. திங்கட்கிழமை மண்டபத்துல நான் சொன்னது பொய்."

டானிகா தட்டச்சை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கும் இது என்ன குற்றம்னு தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எழுதிக்குங்க. மறுபடி அப்படி ஒரு வருஷம் வந்தா மறுபடியும் செய்வேன். அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

"அவ மேல எழுதாதீங்க," என்றான் ஸ்கோபி. அவன் குரல் சாதாரணமாக இருந்தது. ஆட்டு விலை சொல்கிற குரல். "நான் என்னையே சுட்டுக்கப் போறேன்னு பயந்து அவ எடுத்துட்டுப் போனா. பயந்தது சரிதான்."

அந்த அறையில் முப்பது வருஷமாக யாரும் சொல்லாத வாக்கியம் அது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். யாராவது முகத்தைச் சுளித்தால் ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாரும் சுளிக்கவில்லை. வரிசையில் நின்ற கிழவர் வைனி தொப்பியைக் கழற்றினார், அவ்வளவுதான்.

பிறகு ராஸ் தொண்டையைச் செருமினார். தன் போர்வைக்கட்டைப் பிரித்தார்.

"சார்ஜென்ட்," என்றார், "இதுல அடியில இருக்கற ரெண்டு என்னுது இல்ல. பேரு கேக்காதீங்க, அந்த ஆள்கிட்ட நான் இன்னும் பேசல. எங்க பக்கமும் நரி ஜாஸ்தி."

டானிகா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டதையும் பார்த்தார். புத்திசாலிப் பெண். எட்டு மாதத்தில் புரியாதது அவருக்கு எட்டு நொடியில் புரிந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் எழுத்துல எச்சரிக்கை தர்றேன்," என்றார் எங்களிடம். "விளையாட்டு இல்ல, மறுபடி நடந்தா லைசன்ஸ் போயிடும். ராஸ், நீங்க அந்த ஆள்கிட்ட இன்னிக்கே பேசிட்டு எனக்குச் சொல்லுங்க." பேனாவைக் கீழே வைத்தார். "இந்த ஸ்டேஷன்ல பூட்டி வெக்க எனக்கு இடம் இருக்கு. அடுத்த தடவை நரி வந்தா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க. நேரம் காலம் பார்க்க வேண்டாம்."

காலையில் வருகிறேன் என்றவர் அன்று மத்தியானம் வந்து என் பெட்டியை எண்ணவும் செய்தார். பதினொன்று. ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து என்பது முட்டாள்தனமான கணக்கு என்று அப்போதும் அவரிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஒரு ஆள் உயிரை விடுவதற்குப் பத்து வேண்டியதில்லை, ஒன்றே போதும். அதை எண்ணி எந்தச் சட்டமும் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றால் ஒருவேளை தடுக்கலாம். வெரிட்டியிடம் போய் நீ சொன்னது சரி என்றும் சொன்னேன். அவள் நம்பாமல் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து ஜானெல் தன் தங்கைக்குப் பிரசவம் என்று பெர்த்துக்குப் போனாள். ஸ்கோபி தனியாக இருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குப் போன் வந்தது.

"ரே, நரி வந்திருக்கு. குட்டிங்க இருக்கற பக்கம். என்கிட்டத்தான் துப்பாக்கி இல்லையே. நீ வர்றியா?"

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

ரைஃபிளை எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். சரளை ரோட்டில் அவ்வளவு வேகம் போகக் கூடாது. மேற்கே வெளிச்சம் இன்னும் இருந்தது. அவனுடைய ஆட்டுப் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். தாய் ஆடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஈரமண்ணில் ஒரு கால்தடம் இல்லை, பிய்ந்த ரோமம் இல்லை, ரத்தம் இல்லை. நாற்பது வருஷம் நரி சுட்டவள் நான். அங்கே ஒரு வாரமாக நரி வரவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ரைஃபிளை வண்டியிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்குள் போனேன். சமையலறையில் விளக்குப் போட்டிருந்தான். மேஜையில் இரண்டு கோப்பை. நாய் கணப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலோடு நின்றான்.

"நரி எங்க?" என்றேன்.

அவன் கோப்பைகளில் சர்க்கரை போட்டான். "வரும்," என்றான். "வந்தா பார்த்துக்கலாம். நீ உக்காரு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வாசலில் நின்று நான் சொன்ன பொய்யை இன்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான். துணை கேட்கத் தெரிந்துவிட்டது அவனுக்கு. என் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை, மறைக்க எனக்குத் தெரியவும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை அளவுக்கு மேல் இருந்தது. ஜானெலுக்குப் போன் போட்டு, இன்றைக்கு இங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொன்னேன்.